ஏழரைக் கிலோ

மூன்றாவது குளியலிலும் மணல் வந்தது.

பிள்ளையைத் தூக்கிவிட்டுத் தொட்டியைச் சாய்த்தபோது அடியில் கருத்த ஈர மணல், விரற்கடை உயரத்துக்குப் படிந்து கிடந்தது. கடலுக்குப் போய்வந்த பிள்ளை உடம்பில் மணல் இருக்கத்தான் செய்யும். காதுமடலில் இருக்கும், தொடை இடுக்கில் இருக்கும். ஒரு குளியலில் போய்விடும். இது நேற்றுச் சாயங்காலம் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை, இப்போது விடிந்ததும் ஒரு தடவை. அதுவும் குறையவில்லை, கூடிக்கொண்டே வந்தது. கொத்தனார் ஒற்றைக் கையால் அள்ளிப் பார்த்தான். நாலு கை வந்தது. ஏழு மாதப் பிள்ளையின் எந்த மடிப்பில் நாலு கை மணல் ஒளிந்திருக்கும்?

"இன்னுமா தேய்க்கிறீங்க? அது பிள்ளையா, அண்டாவா?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"மணல் வந்துக்கிட்டே இருக்குடி."

"கடற்கரையில மணல் வராம கருங்கல் ஜல்லியா வரும்? துடைச்சுக் கொண்டாங்க. ஒம்பது மணி பஸ்ஸ விட்டா நாளைக்குத்தான்."

பிள்ளை தொட்டியோரத்தில் அவன் கைமேல் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சோப்பு நுரை ஒரு கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை.

அழாததுதான் அவனை என்னவோ செய்தது. வேலையிடத்தில் இந்தப் பிள்ளைக்கு ஆலைச் சங்கு என்று பெயர். போனில் அழுகுரல் கேட்டாலே கூட வேலை செய்கிறவர்கள், "உங்க வீட்டுல ஷிப்டு மாறுது, போய்ப் பாரு" என்பார்கள். இரண்டு நீண்ட மூச்சு அழுவான், மூன்றாவது மூச்சில் ஒரு விக்கல் விழும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். பிறந்ததிலிருந்து இதுதான் பாட்டு. புருஷனும் பெண்டாட்டியும் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி ஏழு மாதம் ஆயிற்று.

அதற்காகத்தான் இந்தப் பயணமே. கடலோரம் இருக்கும் இந்த வீட்டுக்குப் பூச்சு வேலை செய்தவன் அவன்தான். வீட்டுக்காரருக்கு வேலை பிடித்துப்போய், சும்மா கிடக்கிற வீடுதானே, குடும்பத்தோடு மூன்று நாள் வந்து தங்கிவிட்டுப் போ என்று சாவியைக் கொடுத்திருந்தார். விடுமுறை என்ற சொல்லை அவன் முப்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் பழகினான். அனுபவித்தது கிடையாது. கடல் காற்று பட்டால் பிள்ளை தூங்கும் என்று அவனாகவே முடிவுகட்டினான்.

காற்றுப் பட்டது. பிள்ளை இன்னும் ஓங்கி அழுதான். அலைச் சத்தத்துக்கு அழுதான், அலை ஓய்ந்த இடைவெளிக்கும் அழுதான். வீட்டையே மூட்டை கட்டினாற்போல ஆறு பை கொண்டுவந்தும் கொசுவலையை மறந்திருந்தார்கள். வெயிலில் கன்னம் சிவந்து, உப்புக் காற்றில் தொடை புண்ணாகி, முதல் நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளையைத் தோளில் போட்டுக் கூடத்தில் நடந்தார்கள். கடலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள்.

"கடலப் பாத்தா தூங்கிடுவான்னு சொன்னது எந்த மகராசன்?" என்று கேட்டாள் அவள்.

"நான்தான். தூக்கிக் கடல்ல போடு என்னை."

"யாரு தூக்குறது? இவனத் தூக்கியே கை போச்சு."

இரண்டாம் நாள் நாலு மணிக்கு, செத்தாலும் பரவாயில்லை, மணலில் கொஞ்சம் படுப்போம் என்று இறங்கினார்கள். கீழே போட்டால் பிள்ளை கவிழ்ந்து மணலைத் தின்னப் பார்த்தான். உட்காரவோ இன்னும் பழகவில்லை. அப்போதுதான் கொத்தனாருக்கு அந்த யோசனை வந்தது. ஈர மணலில் ஒரு குழி எடுத்தான். பிள்ளையைத் தங்கள் பக்கம் பார்க்கும்படி இடுப்புவரை இறக்கினான். அஸ்திவாரக் குழியை நிரப்புகிற மாதிரி நாலு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, முஷ்டியால் குத்தி, அதன்மேல் அடுத்த அடுக்கு. பிள்ளை தூண்போல நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்படியே மேல்பூச்சையும் முடிச்சிருங்க," என்று அவள் சிரித்தாள். மூன்று நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளை உட்கார்ந்தபடியே அழுதான். பத்தே நிமிஷம் என்று இருவரும் மல்லாந்தார்கள். "கொஞ்ச நேரம் வாய மூடித் தொலையேன்டா," என்று அவன் சொன்னான். சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கலவை மிஷின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப் பழகிய உடம்பு அது. மிஷின் ஓடும்வரை தூங்கும், நின்றால்தான் முழிக்கும்.

முழித்தான். சத்தம் நின்றிருந்தது.

பிள்ளை அங்கேயேதான் இருந்தான். ஆனால் முதுகுதான் தெரிந்தது. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். குத்தி இறுக்கிய மணலுக்குள் இடுப்பு எப்படித் திரும்பும்? நாம்தான் அப்படி வைத்தோம்போல என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தம் வந்தது. கீழே பார்த்தால், தூக்கிய இடத்தில் குழி இல்லை. அவன் குத்திய வட்டம் மட்டும், தட்டுப்போலச் சமமாக, கெட்டியாக, யாரையும் எடுக்காத மாதிரி இருந்தது.

அதிலிருந்து பிள்ளை அழவில்லை. அவள் விடிய விடியத் தூங்கினாள். அவனும் தூங்கினான், பாவி.

இப்போது துண்டில் சுற்றித் தூக்கும்போது அவன் கை தானாக முழங்காலை மடக்கச் சொன்னது. சாந்துச் சட்டியைத் தூக்கும்போதுதான் அப்படி மடக்குவான். போன வாரம் ஊசி போட்ட நர்ஸ் அட்டையில் எழுதியது ஏழரைக் கிலோ. அந்த ஏழரைக் கிலோவை அவன் தோள் மனப்பாடமாக அறியும். இது அந்தக் கனம் இல்லை. காய்ந்த மணலுக்கு ஒரு கனம், ஈர மணலுக்கு ஒரு கனம். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவான். தோளில் போட்டபோது உள்ளே எதுவோ மெதுவாகச் சரிந்து, கீழ்ப்பக்கம் போய்த் தங்கியது. துண்டுக்குள்ளிருந்து நிழலில் கிடந்த மணலின் குளிர்ச்சி அவன் கழுத்தில் ஏறியது.

"இவன் கனக்கிறான்டி."

"நல்லாத் தூங்கியிருக்கான், உடம்பு தேறியிருக்கு."

"ஒரு ராத்திரியிலயா? பால் குடிச்சானா?"

அவள் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து வேணாங்கிறான். எனக்கு மாரு கட்டிக் கிடக்கு. பஸ்ல குடிப்பான்." பிறகு நிமிர்ந்தாள். "ஏங்க, அழுதாலும் குத்தம், அழலேன்னாலும் குத்தமா? ஏழு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் டீயச் சூடா குடிச்சேன். அதையும் கெடுக்காதீங்க."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, பழம் வாங்கி வருகிறேன் என்று பிள்ளையோடு தெருவில் இறங்கினான். முனைக் கடைக்கு நூறு அடிகூட இருக்காது. அதற்குள் இரண்டு தடவை தோள் மாற்றினான். கடைக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, காய் நிறுக்கும் மிஷின்மேல் துண்டோடு பிள்ளையை வைத்தான்.

"கிலோ என்ன வெலை சொல்றீங்க?" என்று சிரித்தாள் அந்த அம்மா.

சிவப்பு எண் ஓடி நின்றது. பதினெட்டு புள்ளி நாலு.

"உப்புக் காத்துல மிஷினு கெட்டுப்போச்சு," என்று அவள் பக்கத்தில் தட்டினாள். ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து இன்னொரு மிஷினில் வைத்துச் சரிபார்த்தாள். அதைக் கொண்டுவந்து இதன் ஓரத்தில் வைத்தாள். பத்தொன்பது புள்ளி நாலு. எடுத்தாள்.

பதினெட்டு புள்ளி ஆறு.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். புள்ளி ஏழு. பிள்ளை அசையவில்லை. புள்ளி எட்டு. சாக்கில் ஒருவர் ஒரே சீராக மணல் கொட்டிக்கொண்டிருப்பதுபோல. கடைக்காரம்மாவின் சிரிப்பு எப்போது போயிற்றென்று தெரியவில்லை. "பிள்ளைய எடுத்துக்குங்கண்ணே," என்றாள். "எடுத்துட்டுப் போங்க." பழம் எடுத்துக் கொடுக்க அவள் கை நீட்டவே இல்லை.

அவன் திரும்பி வந்தபோது ஆறு பையும் வாசலில் வரிசையாக நின்றன. அவள் கை நீட்டிப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் தலையில் ஜல்லிக் கூடை சுமந்த சித்தாள் அவள். எந்தப் பாரத்தையும் முகத்தில் காட்டமாட்டாள். ஆனால் இடுப்பு ஒருபக்கம் ஒடிந்தாற்போலச் சாய்ந்தது. ஒரு அடி வைத்தாள். செருப்பு வார் பட்டென்று அறுந்தது.

"நீயும் சுமந்தவதானே," என்றான் அவன். "உனக்குத் தெரியலையா?"

"தெரியுது." அவள் அவனைப் பார்க்கவில்லை. "பஸ் ஏறிட்டாச் சரியாயிடும். ஊருக்குப் போயிட்டாச் சரியாயிடும். வாங்க."

அப்போதுதான் கேட்டது.

அலை இழுத்துக்கொண்டு போன இடைவெளியில், வெயிலில் மினுங்கும் வெறும் கரையிலிருந்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருகிறாற்போல மங்கலாக. இரண்டு நீண்ட மூச்சு. மூன்றாவதில் ஒரு விக்கல்.

அவன் அவள் இடுப்பைப் பார்த்தான். பிள்ளையின் வாய் மூடியிருந்தது.

"காத்து," என்றாள் அவள். "கடல் காத்துங்க அது."

ஆனால் அவள் ரவிக்கையின் இரண்டு பக்கமும் நனைந்துகொண்டிருந்தது. சின்ன வட்டமாகத் தொடங்கி, பெரிதாகி, சேலைவரை இறங்கியது. ஏழு மாதமாக அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் அது அப்படிச் சுரக்கும். அவள் குனிந்து பார்த்தாள். கையால் மூடிக்கொண்டாள். "காத்துதான்," என்றாள் மறுபடி, அழுதுகொண்டே.

அவன் ஓடினான்.

இரவில் ஏறி இறங்கிய அலை கரை முழுவதையும் மெழுகி வைத்திருந்தது. ஒரு காலடித் தடம் இல்லை. ஒரு நண்டு வளை இல்லை. அந்த வட்டம் மட்டும் இருந்தது. அவன் குத்திய வட்டம். கடலால் அழிக்க முடியாத அளவுக்கு நல்ல வேலை.

சத்தம் அதற்கு அடியிலிருந்து வந்தது.

மண்டியிட்டான். தோண்டினான். முதல் அடுக்கு. நகம் பெயர்ந்தது. இரண்டாவது அடுக்கு. அவனே தண்ணீர் தெளித்தது, அவனே குத்தியது. "அப்பா வந்துட்டேன்டா. அழுடா. அழுதுகிட்டே இரு." மூன்றாவது. தண்ணீர் ஊறியது. ஓரம் சரிந்து மூடியது. மறுபடி. மறுபடி. குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டான்.

ஏதோ பட்டது.

விரல். சின்ன விரல்கள். ஐந்து. அவன் கட்டைவிரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டன.

வெதுவெதுப்பாக இருந்தன.

"என்னங்க." அவள் மேலே வந்து நின்றாள். அவள் வந்த வழியெல்லாம் முழங்கால் ஆழத்துக்குக் காலடிக் குழி. இடுப்பில் இருந்தது தலையைத் திருப்பியது. மெதுவாக. அவன் தோண்டிய இடத்தைப் பார்த்தது. வாயைத் திறந்தது. உள்ளே நாக்குக்குமேல் கருப்பாக, ஈரமாக, விளிம்புவரை.

அழுதது.

இரண்டு நீண்ட மூச்சு. மூன்றாவதில் விக்கல்.

கீழே சத்தம் நின்றது.

"அழுறான்! பாருங்க, அழுதுட்டான்!" அவள் சிரித்தாள், கண்ணீரோடு சிரித்தாள். "நான் சொன்னேன்ல? பசி வந்துருச்சு எஞ்சாமிக்கு." அப்படியே அந்த வட்டத்தின் உடையாத பாதிமேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கெட்டியான மணல் அவள் பாரத்தில் ஒரு விரல் இறங்கியது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுக்கத் தொடங்கினாள். குடிக்கிற சத்தம் கேட்டது. சேலைக்கடியிலிருந்து மணல், நூல்போல, நிற்காமல், அவள் மடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது.

அவன் கையை எடுக்கவில்லை. அடியில் விரல்கள் குளிர்ந்துகொண்டு வந்தன. ஒன்று விட்டது. இன்னொன்று. இன்னொன்று. நாலாவதும்.

ஒரு விரல் மட்டும் இன்னும் பிடித்திருந்தது.

அலை ஏறி வந்தது.