தெல் ரும்மானாவில் மக்ரிப்

தெல் ரும்மானா பள்ளிவாசலின் சுவர்க் கடிகாரம் மாலைத் தொழுகையான மக்ரிபை ஒரு நிமிடம் தாமதமாகக் காட்டியது. ஏன் என்று ருபாவுக்குப் பிடிபடவில்லை.

தொழுகை நேரங்களைக் கணக்கிடும் அந்த நிரலை ஆறு வருடமாக அவள்தான் இலவசமாகப் பராமரித்து வந்தாள். கணக்கு எளிது. சூரியனின் நடுப்புள்ளி அடிவானத்துக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இறங்கும் கணம் மக்ரிப். அதற்குள் மேல்விளிம்பும் மறைந்திருக்கும். ஊர் இருக்கும் இடமும் தேதியும் தெரிந்தால் போதும், பிசகாது. "என் கணினியில் சரியாக வருகிறது" என்று எழுதி, பள்ளிவாசல் அனுப்பிய புகாரை மூடிவிட்டு, அம்மான் நகர அலுவலகத்தில் சேர்ந்து மூன்று வாரமே ஆன புது வேலைக்குத் திரும்பினாள்.

மறுநாள் புகார் மறுபடி திறந்திருந்தது. நான்கு நிமிடம். அதற்கடுத்த நாள் பதினொன்று. நோன்பு திறக்கக் காத்திருப்பவர்கள் இருட்டில் பேரீச்சம்பழத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்களாம், கண்ணை நம்புவதா கடிகாரத்தை நம்புவதா என்று. அவள் அவசரப்பட்டு எண்ணை மாற்றி, அது தப்பாகிப்போனால், ஊர் முழுவதன் நோன்பும் முறியும்.

உட்கார்ந்து பார்க்க நேரம் வேண்டும். அதுதான் இல்லை. ஒரு கூட்டம் முடிந்தால் அடுத்தது. திரையில் கடிகார நிரலைப் பார்த்துவிட்ட மேலாளர் நாஸிம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதுக்குச் சம்பளம் யாரு தர்றா, பள்ளிவாசலா?"

"அஞ்சே நிமிஷம், நாஸிம்."

"காலையிலயும் அஞ்சு நிமிஷம்தான் கேட்ட. என் வேலை அப்படியே கெடக்கு."

ஒன்பதாம் நாள் புகாரில் வந்த வரியைப் பார்த்ததும் அவள் மாடிப்படிக்கு ஓடினாள். "இன்று மூன்று மணிக்கே சூரியன் மறைந்துவிட்டது." கைபேசியில் அழைத்தாள். பாங்கு சொல்லும் முஅத்தின் அபூ இயாத் முதல் மணியிலேயே எடுத்தார்.

"மாமா, உங்க ஊருக்கு மேற்கால மலை இருக்கா?"

"மலையா? கோதுமை வயல்மா. தட்டு மாதிரி கெடக்கு."

மூன்று மணிக்குச் சூரியன் நாற்பத்தைந்து பாகை உயரத்தில் இருக்கும். அதை மறைக்க அவ்வளவு உயரமாக ஏதாவது நிற்க வேண்டும்.

"பின்ன எதுக்குப் பின்னாடி மறையுது?"

மறுமுனையில் ஈர மண்ணைக் கிளறுவது போன்ற சத்தம், மிக மெதுவாக, இரண்டு முறை.

"அத நாங்க யாரும் நிமிந்து பாக்கறதில்ல மகளே," என்றார் கிசுகிசுப்பாக. "நீ கடிகாரத்தச் சரிபண்ணிக் குடு."

மறுநாள் அவரே அழைத்தார். இன்று விடியவே இல்லை.

நாஸிம் கத்திக்கொண்டிருந்தான். அவளுக்குக் காதில் விழவில்லை. அடிவானத்தின் உயரத்தை ஊருக்கு ஊர் தனியாகக் கொடுக்க நிரலில் ஓர் இடம் சேர்த்து, தெல் ரும்மானாவுக்குத் தலையுச்சி வரை கொடுத்தாள். அனுப்பினாள். காத்திருந்தாள்.

"சரியாயிருச்சு," என்றார் அபூ இயாத். "எண்ணுக்குப் பதிலா கோடு மட்டும் காட்டுது. நேரமே இல்ல." பிறகு அந்தச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அவள் மேசையில் விழுந்த வெயில் அணைந்தது. கைபேசியைப் பார்த்தாள். அம்மானில் மக்ரிபுக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

நாஸிம் ஜன்னலைப் பார்த்து நின்றான். முகம் மெல்ல மெல்ல மேலே உயர்ந்துகொண்டே போனது.

அவள் திரும்பவில்லை. தெல் ரும்மானாவின் வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

தெல் ரும்மானா, அடிவான உயரம்: தொண்ணூறு பாகை.

அம்மான்: கால் பாகை.

நிரலின் சோதனைகள் எல்லாம் தேறின.