முட்டி மடக்கிய குருவி

ஆற்றின் நடுவே ஒரு குட்டித் தீவு. பல் துலக்கிக்கொண்டே அதைச் சுற்றக் கிளம்பினால், வாய் கொப்பளிப்பதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். முப்பது வீடுகள், இடிந்துபோன ஒரு பழைய கிடங்கு, படகுத்துறையில் ஒரு கல் தூண். அவ்வளவுதான் தீவு.

அந்தத் தூணில் ஒரு கோடு செதுக்கியிருக்கும். ஒரு காலத்தில் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்கள் தீவைப் பிடித்துக்கொண்டு, கிடங்கு கட்ட ஆள் தேடினார்கள். எல்லோரையும் தூணோடு சேர்த்து நிற்க வைத்தார்கள். கோட்டுக்கு மேலே தலை தெரிந்தால் போதும். வயதுகூடக் கேட்காமல் கல் சுமக்க இழுத்துப் போனார்கள். பாவம், அந்தக் காலத்துப் பிள்ளைகள் முட்டியை மடக்கி மடக்கி நின்றார்களாம்.

வெள்ளைக்காரர்கள் போன அன்று, தீவு மொத்தமும் வரிசையாக வந்து அந்தத் தூணருகே நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு அங்கே யாரும் முட்டியை மடக்கியதில்லை.

அக்கரைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் திங்கட்கிழமைதோறும் அந்தத் தூணருகே நின்றுவிட்டுத்தான் படகில் ஏறுவார்கள். கோட்டுக்கு மேலே தலை போய்விட்டால் 'பெரிய ஆள்' என்று அர்த்தம். படகுக்குள் கசிகிற தண்ணீரைத் தகர டப்பாவால் இறைப்பது பெரிய ஆட்களின் வேலை. படகுக்கார அத்தை தலையை மட்டும்தான் பார்ப்பார். முட்டியைப் பார்க்க மாட்டார். இந்தத் தீவில் யார் முட்டியை மடக்கப் போகிறார்கள்?

குருவி மடக்கினாள்.

அவளுக்குப் பதினோரு வயது. பொடிசாக இருந்ததால் வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது. ஆனால் கோடை விடுமுறையில் குருவி கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். தண்ணீர் இறைக்க யாருக்குப் பிடிக்கும்? படகின் முன்பலகையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போகவே அவளுக்கு ஆசை. நீளப் பாவாடைக்குள் முட்டி மடங்கியது யாருக்கும் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. சரி, ஏறு" என்றார் அத்தை.

அதனால் இறைக்கிற வேலை முழுவதும் ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற பையனின் தலையில் விழுந்தது. அவனுக்கு எட்டு வயதுதான். ஆனால் உயரத்தில் யாருக்கும் சளைத்தவன் இல்லை. படகில் இருந்த மற்ற இரண்டு பேரும் வாண்டுகள். போகும்போதும் அவன்தான், வரும்போதும் அவன்தான் இறைத்தான்.

பள்ளி திறந்த மூன்றாவது வாரம் அவன் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. பென்சில் பிடிக்க முடியவில்லை. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று டீச்சர் திட்டினார். அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

அன்று மதியம் அவன் குருவியைத் தேடி வந்தான்.

"அக்கா, நீங்க எப்ப வளருவீங்க?"

"ஏன்டா?"

"நீங்களும் வளந்துட்டா ஆளுக்கொரு தடவை இறைக்கலாம்ல." அவன் தன் டிபன் பாக்ஸிலிருந்து அவித்த முட்டையை எடுத்து நீட்டினான். "முட்டை சாப்பிட்டா வளரலாம்னு எங்கம்மா சொன்னாங்க. இனிமே தினமும் தரேன்."

வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டுமே. குருவி முட்டையை வாங்கித் தின்றாள். மறுநாளும் கொண்டுவந்தான். அதற்கடுத்த நாளும் கொண்டுவந்தான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. முன்பலகையில் காற்று வீசத்தான் செய்தது. அவளுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. குருவி தூணருகே போனாள். முட்டி தானாக மடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள். கோடு அவள் புருவத்தருகே இருந்தது.

"அட!" ஒட்டடைக்குச்சி துள்ளினான். "அத்தை, பாருங்க, வளந்துட்டாங்க! என் முட்டை வேலை செஞ்சிடுச்சு!"

அத்தை சிரித்தார். வாண்டுகள் கைதட்டினார்கள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. குருவி அவன் கையைப் பார்த்தாள். கொப்புளத்தின் மேல் துணி சுற்றியிருந்தது.

"முட்டையால இல்ல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் லீவுலயே வளந்துட்டேன். முட்டியை மடக்கிட்டு நின்னேன். இறைக்கச் சோம்பேறித்தனப்பட்டு."

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்தத் தூண்கிட்டயா மடக்கின?" என்று மட்டும் கேட்டார்.

அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது குருவிக்கு. தலையைக் குனிந்தபடியே படகில் ஏறி, தகர டப்பாவை எடுத்தாள். ஒட்டடைக்குச்சி முன்பலகையில் போய் உட்கார்ந்தான். அக்கரை வரும்வரை அவன் திரும்பவே இல்லை.

மாலை திரும்பும்போதும் அவள்தான் இறைத்தாள். நடு ஆற்றில் அவன் மெல்லக் கேட்டான்.

"எத்தனை நாள் இறைப்பீங்க?"

"நீ இறைச்ச அளவுக்கு. மூணு வாரம்."

அவன் யோசித்தான். "நாலு வாரம். மூணு முட்டை தின்னீங்கல்ல?"

"சரிடா."

"அப்புறம் ஆளுக்கொரு தடவை" என்றான் அவன். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். குருவிக்கு அழுகை வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் தூணருகே நின்றபோது, அத்தை முதலில் குனிந்து அவள் முட்டியைப் பார்த்தார். பிறகுதான் தலையைப் பார்த்தார். இந்தத் தீவில் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. குருவிக்குக் காது மடல்வரை சுட்டது. அதற்கடுத்த திங்கட்கிழமையும் பார்த்தார். குருவி நேராக நின்றாள். படகேறி இறைத்தாள். அவள் கையிலும் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது.

ஐந்தாவது திங்கட்கிழமை. அத்தை படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குருவி தூணருகே போய் நின்று காத்திருந்தாள்.

அத்தை கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பார்க்க என்ன இருக்கு? ஏறும்மா, நேரமாச்சு."