கல்லில் ஒரு வருஷம்

“அம்மாவைப் புதைச்ச இடத்தைக் காட்டுப்பா.”

பேச்சு வந்த நாளிலிருந்து அவள் கேட்கக் கூடாதென்று அடக்கி வைத்திருந்த கேள்வி. பட்டம் வாங்கி வந்த அன்று கேட்டேவிட்டாள். கல்லறைக் கற்களில் பெயர் வெட்டும் அப்பா மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள், பழைய கல்லறைத் தோட்டத்தின் கோடியில் ஒரு கல்லைக் காட்டினார்.

“இடத்தைக் காட்ட மூணு நாள் எதுக்கு சார்? அதான் உறுத்துது,” என்று பக்கத்துத் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றாள். அவரும் அவர் மச்சினரும் கூடவே புறப்பட்டார்கள்.

வழியெல்லாம் அவளுக்குப் பழகிய கற்கள். மூன்று மாதமே வாழ்ந்த குழந்தை. ஒரே வாரத்தில் போன அண்ணன் தம்பி. இறந்த கணவனின் பெயருக்குக் கீழே, வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டுக் காத்திருக்கும் மனைவியின் பெயர். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது, இந்த எழுத்துகளில் விரல் ஓட்டித்தான் அவள் படிக்கக் கற்றாள். கோடியில் புதர் மண்டிய பக்கம் மட்டும் அப்பா அவளைப் போக விட்டதில்லை.

“அத்தான், வேற எங்கிருந்தோ பெயர்த்து நட்ட கல்லு! கேஸ் முடிஞ்சுது,” என்று துள்ளினார் மச்சினர்.

“பேரைத் தொட்டுப் பாருங்க மாப்ளே.”

“மழுங்கி, பாசி புடிச்சிருக்கு.”

“செத்த வருஷத்தை?”

“ஐயோ, விரலைக் கீறுது!”

“பேரு இருபது வருஷ மழையைப் பார்த்தது. வருஷம் அந்த மூணு நாள்ல வெட்டினது. புல்லுல கல்தூள் இன்னும் வெள்ளையாக் கிடக்கு. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் வருஷம் வெட்டாம விடுவாங்க. மண்ணையும் பாருங்க. மத்த குழியெல்லாம் பெட்டி இத்துப்போய் உள்வாங்கியிருக்கு. இது சமமா இருக்கு.” இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். “கீழே யாரும் இல்லம்மா.”

பட்டறையிலிருந்து வந்த அப்பா பின்னால் நின்றிருந்தார்.

“சண்டை போட்டுட்டுப் போனா. செத்துட்டான்னு சொல்லி கல்லையும் நட்டேன். வருஷம் போட மட்டும் கை வரலை.”

“இப்போ மட்டும் எப்படி வந்துச்சு?”

“நீயும் போயிடுவியோன்னு பயம்.”

“அம்மா என்னைத் தேடி வரவே இல்லையா?”

“ரெண்டு தடவை வந்தா. வாசலோட அனுப்பிட்டேன். இப்பவும் லெட்டர் போடுறா.”

“விலாசம்.”

அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதினார். 

“சாப்பிட்டுட்டு, காலையில போம்மா.”

“இன்னிக்கு உனக்கு மட்டும் சமைச்சுக்கோப்பா.”

கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவள், ரயில் நிலையம் இருந்த பக்கம் நடந்தாள்.