மூலைமட்டம் தப்பாத குழி

"ஆ...ஆ...ஆ!"

ஜூரியா அக்காவின் அலறலில் அலையாத்திக் காட்டுக் கொக்குகள் மொத்தமும் மேலே கிளம்பின.

நண்டு பிடிக்க வந்தவள். கூடை சேற்றில் கவிழ்ந்தது. நண்டுகள் கிடைத்த வாய்ப்பை விடாமல் ஆளுக்கொரு திசையில் ஓடின.

அவள் விரல் நீட்டிய இடத்தில்...

ஒரு கை!

மீன்குட்டைக் கரைக்குப் பின்னால், விடியற்காலைக் கடலேற்றம் கரைத்துவிட்டுப் போன மண்ணிலிருந்து அந்தக் கை நீட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் தங்க வாட்ச்.

வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

கைக்குச் சொந்தக்காரர் நின்றுவிட்டிருந்தார்!

* * *

நூர்ஹைதா சல்லடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

பாயா லிந்துங் கிராமத்தின் தென்னந்தோப்புக்குள் நடக்கும் அகழாய்வில் அவள் உதவியாளர். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு துறைமுகம் இருந்தது. சீனாக்காரனும் தமிழனும் அரபுக்காரனும் வந்து இறங்கி, பீங்கானையும் கற்பூரத்தையும் பேரம் பேசிய இடம். இப்போது தோண்டினால் உடைந்த பச்சைப் பீங்கான் கிடைக்கும்.

இன்றைக்குப் பிணம் கிடைத்திருக்கிறது.

அதுகூட அவளை ஓட வைக்கவில்லை. பின்னாலேயே வந்த சேதிதான் ஓட வைத்தது.

"நூர்! உங்க அண்ணனைப் போலீஸ் பிடிச்சிருச்சு!"

குட்டைக் கரையில் ஊரே கூடியிருந்தது. தூக்கிப் போட்டிருந்த உடலின் மேல் ஒரு கைலி. பக்கத்தில் கைவிலங்கோடு அவள் அண்ணன் ஷாஃப்ரில். சேற்றில் நின்ற கோழி மாதிரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"இன்ஸ்பெக்டர் பாக்! எங்க அண்ணனை எதுக்குப் பிடிச்சீங்க?"

'பாக்' என்றால் அந்த ஊர் 'ஐயா'. இன்ஸ்பெக்டர் தாரிகான் திரும்பினார். தொப்பை முதலில் திரும்பியது. ஆள் பிறகு.

"செத்தது யாரு தெரியுமா தங்கச்சி? ஹெந்திரா. மேடான் டவுன்ல பழம்பொருள் புரோக்கர். நேத்து காப்பிக் கடையில ஊரே பார்க்க உங்க அண்ணன் அவன்கிட்ட என்ன சொன்னான்னு கேளு."

"என்னண்ணே சொன்னே?"

ஷாஃப்ரில் விலங்கைப் பார்த்தபடி சொன்னான்.

"கோவத்துல சொன்னேன் நூரு... 'உன்னைச் சேத்துல புதைச்சிடுவேன்'னு."

"சொன்னதைச் செய்யிற ஆளுங்க இப்பல்லாம் ரொம்பக் கம்மி!" என்றார் தாரிகான். "மண்வெட்டி குழிக்குப் பக்கத்துலயே கிடந்துச்சு. பிடியில இவன் பேரு."

"அது போன வாரமே காணாமப் போச்சு பாக்! சத்தியமா!"

"எதுக்குடா சண்டை?" என்றார் தாரிகான்.

"வழக்கமா என்கிட்டதான் பழங்காசு, பீங்கான் எல்லாம் வாங்குவான். நேத்து வந்து, 'இனிமே உன் ஓட்டாஞ்சல்லி எவனுக்கு வேணும், எனக்குப் பெரிய இடத்துலருந்தே மால் வருது'ன்னு நக்கல் பண்றான். விடுவேனா?"

நூர்ஹைதாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அவள் பகலெல்லாம் மண்ணைத் தூரிகையால் தடவித் தடவிப் பொருள் எடுப்பாள். இவன் சந்தடியில்லாத நேரம் பார்த்து அதே மண்ணைக் கொத்திக் குதறித் திருடுவான். ஊரில் பாதிப் பேர் அவளைப் பார்த்துச் சிரிப்பதே அதற்குத்தான்.

ஆனால் கொலை?

அவனா?

"ஜீப்புல ஏத்துங்கய்யா!" தாரிகான் கான்ஸ்டபிளுக்குக் குரல் கொடுத்தார். "அடுத்த கடலேற்றம் வந்தா பாதை முழுகிடும். அதுக்குள்ள மேடானுக்குப் போயாகணும்."

"நூரு!" ஷாஃப்ரிலின் குரல் உடைந்தது. "மேடான் போயிட்டா அடிச்சே ஒத்துக்க வச்சிருவானுங்க! ஏதாவது செய்யி!"

என்ன செய்வது?

அவள் குழியை எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள்... பார்த்தபடியே நின்றாள்.

மேல்பக்கம்தான் தண்ணீரில் கரைந்திருந்தது. கீழே, களிமண்ணில், நாலு சுவரும் கத்தியால் கேக் வெட்டியது மாதிரி நேர். நாலு மூலையும் மூலைமட்டம் வைத்தது போல. அடித்தரை கரணையால் சீவி மெழுகியது போல.

"பாக்! இது எங்க அண்ணன் தோண்டின குழி இல்லை!"

"குழியில கையெழுத்தா போட்டிருக்கு?"

"போட்டிருக்கு பாக்! நல்லா பாருங்க. இவன் தோண்டினா கிணறு மாதிரி வட்டமா, வாய் பெருத்து, பக்கம் சரிஞ்சு கிடக்கும். இவனுக்கு ஒரு கோடு நேராப் போட வராது. இவன் கட்டின கோழிக்கூட்டைப் போய்ப் பாருங்க... கோழியே சாய்ஞ்சுதான் நிக்கும்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"நூரு... காப்பாத்துறியா, மானத்தை வாங்குறியா?" ஷாஃப்ரில் முனகினான்.

"வாயை மூடுண்ணே! பாக், இப்படித் தோண்ட ஒரு படிப்பு வேணும். எங்களை மாதிரி ஆளுங்கதான் தோண்டுவாங்க."

தாரிகானின் புருவம் உயர்ந்தது.

"எங்களை மாதிரின்னா... யார் யாரு?"

"நான்... அப்புறம்..."

அவசரப்பட்டுவிட்டோமோ?

"அப்புறம் நான்" என்றது ஒரு குரல்.

கூட்டம் விலகியது. கஞ்சி போட்ட சட்டை, வெள்ளைத் தொப்பி. அகழாய்வின் இயக்குநர் மார்வான் லூபிஸ்! நூர்ஹைதாவுக்குக் கரணை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். புன்னகைத்தார்.

"பாவம். அண்ணன் பாசம். இன்ஸ்பெக்டர், விஷயம் ரொம்பச் சாதாரணம். இது நாங்க போன வருஷம் தோண்டி மூடின சோதனைக் குழி. உள்ள இருந்தது பொலபொலன்னு நிரப்பின மண்ணு. அதைச் சின்னக் குழந்தை அள்ளினாலும் சுவர் நேராத்தான் நிக்கும்."

"இங்க நாம தோண்டலையே பாக்!"

"நீ காய்ச்சல்ல படுத்திருந்தியே நூர், அந்த வாரம்தான்."



காய்ச்சலில் படுத்திருந்தது உண்மை. ஒருவேளை... நிஜமாகவே தோண்டியிருப்பார்களோ? தப்பான ஆளைத் தப்பாக நினைத்துவிட்டோமோ?

ஜீப் உறுமியது. குட்டைக்கு அந்தப் பக்கம் கடல்நீர் பளபளத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. குழியின் அடியில் ஈரம் ஊறத் தொடங்கிவிட்டது.

யோசி... யோசி!

"ஒரு நிமிஷம்!" கத்தினாள். "இது பழைய குழின்னா, அடியில கப்பு இருக்கணும்!"

"எந்தக் கப்பு?" தாரிகான் எரிச்சலானார்.

"தோண்டி முடிச்ச குழியை மூடுறதுக்கு முன்னால, அடியில இந்தக் காலத்துப் பொருள் ஒண்ணை வச்சு மூடுவோம் பாக். நாளைக்கு எவனாவது திரும்பத் தோண்டினா, 'ஓ, இதுவரைக்கும் ஏற்கெனவே தோண்டியாச்சு'ன்னு தெரியும். எங்க குழியில எல்லாம் பிளாஸ்டிக் தண்ணிக் கப்பு. உறிஞ்சுகுழல் குத்திக் குடிப்போமே, அது. அது இல்லைன்னா இது பழைய குழியே இல்லை!"

லூபிஸின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. மறுபடி பற்றிக்கொண்டது.

"தண்ணி ஏறுது, இன்ஸ்பெக்டர். இந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு..."

அவள் குதித்துவிட்டாள்!

கணுக்கால் வரை குளிர்ந்த தண்ணீர். மூலை மூலையாகத் துழாவினாள். முதல் மூலை. ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. இருக்கக் கூடாது. இருந்தால் லூபிஸ் சொன்னது உண்மை. இருந்தால் அண்ணன் காலி.

வடகிழக்கு மூலை.

விரலில் நெளிந்தது பிளாஸ்டிக்.

அய்யோ!

"என்ன தங்கச்சி? கிடைச்சுதா?"

கப்பின் மேல்தாளில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தாள். உற்றுப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். அவளுக்கு அவள் கண்மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது.

மெல்ல நிமிர்ந்தாள். கப்பை உயரத் தூக்கிக் காட்டினாள்.

மேலே லூபிஸ் ஒரு கணம் பேயைப் பார்த்த மாதிரி வெளிறினார்.

அடுத்த கணம் வாய்விட்டுச் சிரித்தார்!

"பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்! நான் சொல்லலை? நம்ம கப்பு! நம்ம பழைய குழி!"

"ஆமா பாக்" என்றாள் நூர்ஹைதா. "ஆனா இதை யார் வச்சாங்க? நானே வச்சுட்டு மறந்துட்டேனோ?"

"நீ எங்க வச்சே? உன்னை நான் எப்ப வைக்க விட்டிருக்கேன்? வடகிழக்கு மூலை, கவிழ்த்து, லேசா அழுத்தி... என் குழியில என் கையாலதான் வைப்பேன். இதுவும் நான் வச்சதுதான்!"

"நிச்சயமா பாக்?"

"அல்லா சாட்சியா!"

அவள் கப்பைத் தாரிகானிடம் நீட்டினாள்.

"மேல்தாள்ல தேதி அடிச்சிருக்கு. கொஞ்சம் படிங்க பாக்."

தாரிகான் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

"தயாரிச்சது... இந்த மாசம்!"

கூட்டம் கப்பைப் பார்க்க எக்கியது.

"போன வருஷம் மூடின குழிக்குள்ள" தாரிகான் நிதானமாக லூபிஸின் பக்கம் திரும்பினார், "இந்த மாசத்துத் தண்ணிக் கப்பு எப்படி பாக் போச்சு?"

"அது... வேற யாராவது..."

"நீங்க வச்சதுன்னு இப்பத்தானே சாட்சி சொன்னீங்க? அதுவும் பெரிய இடத்துச் சாட்சி!"

லூபிஸ் தன் வலது கையைப் பார்த்தார். தனக்கே தெரியாமல் வேறு யாரோ அதை மாட்டிவிட்டுப் போனது மாதிரி பார்த்தார்.

குழி தோண்டினால் சுவர் சீவ வேண்டும். தரை மெழுக வேண்டும். கப்பு வைக்க வேண்டும். அப்புறம்தான் மூட வேண்டும். பதற்றத்தில் புத்தி மறந்ததைப் பழகிய கை மறக்கவில்லை!

சட்டென்று திரும்பி ஓடினார்.

அலையாத்திக் காட்டுப் பக்கம்!

கடலேற்றத்தில் இளகிக் கிடந்த சேறு அவரை அன்போடு வரவேற்றது. இடுப்பு வரை.

"ஆளை எடுங்கய்யா! கஞ்சி போட்ட சட்டை வீணாப் போகுது!" தாரிகான் அதட்டினார்.

நூர்ஹைதா குழியிலிருந்து கரையேறி வந்தாள்.

"ஏன் பாக்? எதுக்கு?"

சேற்றில் நின்றபடியே அவர் தலை குனிந்தார்.

"வெண்கலச் சிலை ஒண்ணு கிடைச்சுது. கணக்குல காட்டாம அவன்கிட்ட வித்தேன். ஒண்ணே ஒண்ணுதான் நூர்... மறுபடி வந்து இன்னொண்ணு கேட்டான். இல்லைன்னா ஊரைக் கூட்டிச் சொல்லிடுவேன்னான். உங்க அண்ணன் அவன்கூடச் சண்டை போட்டதைப் பார்த்ததும்... பழியை இவன் தலையில போடுறது சுலபமாத் தோணுச்சு."

"மண்வெட்டி?"

"போன வாரம் நம்ம ஆளுங்க தோப்புல கண்டெடுத்துக் கொடுத்தாங்க. என் கூடாரத்துல கிடந்துச்சு."

கான்ஸ்டபிள் ஷாஃப்ரிலின் விலங்கைக் கழற்றினான். ஷாஃப்ரில் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே தங்கையைப் பார்த்தான். அவள் முறைத்தாள்.

"இனிமே மண்ணைத் தொடுவியா?"

"கோழிக்கூட்டைக்கூடத் தொட மாட்டேன் தாயி!"

லூபிஸை இழுக்கக் கான்ஸ்டபிளால் முடியவில்லை. ஷாஃப்ரில்தான் சேற்றில் இறங்கினான். அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பில் கரைக்குக் கொண்டு வந்து போட்டான்.

வெள்ளைத் தொப்பி சேற்றிலேயே நின்றுவிட்டது. லூபிஸ் மூச்சு வாங்கினார்.

ஷாஃப்ரில் குனிந்து அவர் காதருகில் சொன்னான்:

"எழுநூறு வருஷத்துக்கு முந்தி செத்தவனையெல்லாம் ஒழுங்காத் தோண்டி எடுத்தீங்க பாக்... நேத்துச் செத்தவனை ஒழுங்காப் புதைக்கத் தெரியலையே!"