குழலில் தெரிந்தவன்

நவம்பர் பதினான்காம் நாள். காலை முழுவதும் பனி கலந்த மழை. பிற்பகலில் அது ஓய்ந்து, மலைச்சரிவில் சாம்பல் நிற வெளிச்சம் தேங்கி நின்றது.

புதுத் துப்பாக்கியின் குழல் வழியே பார்த்தபோது வெண்பட்டை மரத்தடியில் ஓர் ஆள் நின்றிருந்தான். அதன்மேல் பொருத்திய தொலைநோக்கியில் பார்த்தபோது மரம் மட்டுமே இருந்தது.

கெங்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். எண்ணெயும் புதுமரமும் கலந்த வாடை அவனுடைய விரல்களிலும் மீசையிலும் ஏறியிருந்தது. பத்தாண்டுகள் சிறுகுண்டுத் துப்பாக்கியை ஒழுங்காக வைத்திருந்தவனுக்கே அக்கித்தா மலைநாட்டில் ரைஃபிள் உரிமம் கிடைக்கும். அவனுக்கு அது கிடைத்து ஆறு நாள் ஆயிற்று. மூன்று வேனிற்காலங்களுக்கு முன்பு, மூங்கில் குருத்துப் பறிக்கப் போன அவன் தம்பி தட்சுயா மலையிலிருந்து திரும்பவில்லை. ஒரு செருப்பு மட்டுமே கிடைத்தது. தம்பியைத் தின்ற கரடியைச் சுட வேண்டும் என்பதே கெங்கோவின் உயிர்மூச்சாக இருந்தது. வேட்டைப்பருவம் மறுநாள் தொடங்கவிருந்தது.

குழலின் பின்வாயை அடைக்கும் எஃகுத் தண்டாகிய போல்ட்டை உருவி, அவன் துணிமேல் வைத்திருந்தான். அவ்வாறு உருவினால் குழல் இருபுறமும் திறந்த துளையாகும். அதன் நடுவில் தொலைவிலுள்ள மரத்தை நிறுத்தி, துப்பாக்கியை அசைக்காமல், மேலிருக்கும் தொலைநோக்கியின் குறுக்குக்கோடுகளை அதே மரத்திற்குத் திருப்ப வேண்டும். பின்கட்டின் கண்ணாடிக் கதவைச் சற்றே திறந்து, இரண்டு தலையணைகளின்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

“புதுப் பொண்டாட்டி வந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டீங்க,” என்றாள் அவன் மனைவி சதாயோ, சிவப்புத் துணியைத் தலையில் கட்டியபடி. “ரெண்டு மணி நேரமா அந்த ஓட்டைக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?”

“நிழலு மறைக்குது. தள்ளிப் போ.”

“போறேன், போறேன். முள்ளங்கி கிடக்கு, அடுப்புப் புகை படுற மாதிரி கட்டித் தொங்கவிடணும். இருட்டுறதுக்குள்ள புடுங்கிட்டு வரேன். அதுவரைக்கும் நீங்களும் உங்க புதுசும் கொஞ்சிக்கிட்டு இருங்க.”

அவள் சரிவின் அடியிலிருந்த தோட்டத்திற்கு இறங்கினாள். கெங்கோ மறுபடியும் துளையில் கண் வைத்தான்.

ஆள் மரத்தை விட்டு முன்னே வந்திருந்தான். மஞ்சள் மழைச்சட்டை. இடப்பக்கம் சரிந்த தோள். மலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் மணியின் ஒலி, ஈரக்காற்றில், மெல்ல, விட்டு விட்டுக் கேட்டது.

“தட்சுயா,” என்றான் கெங்கோ.

மணி நின்றது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அடிவாரக் கோயிலின் தேவதாரு மரத்தைத் தாண்டி மலைக்குள் போனால் ஊரில் பேசும் சொல் கூடாது என்பது வேட்டைக்காரர் வழக்கம். கரடியை அங்கே ‘இதாசு’ என்றே சொல்ல வேண்டும்; எவருடைய பெயரையும் சொல்லி அழைக்கலாகாது, அழைத்தால் அந்தப் பெயரை மலை எடுத்துக்கொள்ளும். வாய் தவறியவன் தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டி, வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அவன் உடல் வீட்டில்தான் இருந்தது. ஆனால் கண் மலையில் இருந்தது.

துளைக்குள் அந்த உருவம் அவன் பக்கம் திரும்பியது. பிறகு தோட்டத்தை நோக்கி நடந்தது.

துப்பாக்கியைத் தாழ்த்தினான். தொலைநோக்கியில் சதாயோ தனியாகக் குனிந்து முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தாள். துளையில், அவளுக்குப் பின்னே, மூன்றடி தொலைவில், மஞ்சள் சட்டை.

“சதாயோ! உள்ள வா!”

சொன்ன வாயை அவன் கையால் பொத்திக்கொண்டான். கண் இன்னும் துளையிலேயே இருந்தது.

மணி மீண்டும் ஒலித்தது.

தோட்டாக்களைப் பூட்டி வைத்திருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தான். சாவி இருமுறை நழுவியது. ஒரு தோட்டா. போல்ட்டைச் செருகினான், துளை அடைபட்டது. இனித் தொலைநோக்கி மட்டுமே. அதில் சதாயோ மட்டுமே. அவளுடைய முதுகுக்குப் பின்னால் எங்கே சுடுவது? எவ்வளவு தள்ளி? குறி இன்னும் சரிசெய்யப்படவில்லை. போல்ட்டை உருவினான், தோட்டாவும் கூடவே வெளியே வந்தது. பார்த்தான். மஞ்சள் கை சிவப்புத் துணியின்மேல் இருந்தது. செருகினான். அவள் மட்டும். உருவினான். மூடுபனி. வெறும் மூடுபனி.

சமையலறைக்கு ஓடி, வாளி நீரைத் தலையில் கவிழ்த்தான். இன்னொரு வாளி. பற்கள் கிட்டின. திரும்பி வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தித் தாழிட்டான்.

மணியோசை படியேறி வந்தது.

கண்ணாடிக்கு வெளியே சதாயோ நின்றாள். மார்போடு அணைத்த முள்ளங்கிகள். மண் ஒட்டிய கன்னம். சிரிப்பு.

“என்னங்க, கதவத் திறங்க. கை ரெண்டும் நிறைஞ்சிருக்குல்ல.”

அவளேதான். குரலும் அவளுடையதே. அவள் இடுப்பில் மணி எதுவும் இல்லை.

கெங்கோ ஈரக்கையால் துப்பாக்கியை நிமிர்த்தினான். போல்ட் துணிமேல் கிடந்தது. துளையில் கண் வைத்தான்.

தட்சுயா முள்ளங்கிகளை அணைத்தபடி நின்றிருந்தான். அவன் தலையில் சிவப்புத் துணி இருந்தது. அவனுடைய தோளுக்கு மேலாக, வெகு தொலைவில், வெண்பட்டை மரத்தடியில், ஒரு சிறிய பெண் உருவம் இரு கைகளையும் ஆட்டி ஆட்டி வீட்டை நோக்கி அழைத்துக்கொண்டிருந்தது.

“திறங்க,” என்றது சதாயோவின் குரல்.

மலைக்குப் பின்னே சூரியன் மறைந்தது. மணி நான்கு இருபத்தொன்பது.