அண்டாத் தண்ணீர்

ஆறாவது மீனும் வாயைத் திறந்துகொண்டுதான் செத்துக் கிடந்தது.

செத்த மீன் மிதக்கும் என்பது ஆவுடைநாயகத்துக்குத் தெரியும். இவை மிதக்கவில்லை. தொட்டியின் அடியில், கூழாங்கல்லின் மேல், யாரோ பார்த்துப் பார்த்துக் கிடத்தியதுபோல, ஒவ்வொன்றும் அடுக்களைப் பக்கமே தலைவைத்துக் கிடந்தது. முதல் மூன்று செத்தபோது அவர் அதைக் கவனிக்கவில்லை. நான்காவதில் கவனித்தார். ஐந்தாவதில், வயசான காலத்தில் இதென்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டார். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்டவருக்குத் திசை பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பின்வாசல் முருங்கையின் அடியில், மற்ற ஐந்துக்கும் பக்கத்தில், அதையும் புதைத்துவிட்டு வந்தார். இனி மிச்சம் ஒன்றே ஒன்று. கட்டைவிரல் நீளத் தங்கமீன். அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்தவள் அவர் மனைவி பிரம்மநாயகி. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் மோதிரம் போட்ட விரலால் தொட்டிக் கண்ணாடியை மூன்று தட்டு தட்டுவாள். டக், டக், டக். ஏழு மீனும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னது மகனைப் பற்றிக்கூட இல்லை. "மீன பட்டினி போட்டுராதிய" என்றுதான் சொன்னாள்.

அவள் போய் ஐந்து மாதம். குறுக்குத்துறை ஆற்றுப் படித்துறையில் அஸ்தியைக் கரைத்து, பதினாறும் முடிந்த கையோடு மகன் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான். அவ்வளவு பெரிய வீட்டில் அவரைத் தவிர உயிர் என்று இருந்தது அந்தத் தொட்டிக்குள்தான். ராசாத்தியும் போய்விட்டால் பிறகு யாரிடம் பேசுவது?

அன்றைக்கே பஸ் பிடித்து ஜங்ஷனுக்குப் போனார்.

"என்ன தண்ணி ஊத்துதிய அண்ணாச்சி?" என்றார் வளர்ப்பு மீன் கடை மீரா முகைதீன்.

"குழாத் தண்ணிதான் வே. மருந்து வாடை போகணும்னு நீருதான சொன்னீரு? ஒரு நா பிடிச்சு வச்சுட்டுதான் ஊத்துதேன்."

"எதுல பிடிச்சு வைக்கிய?"

"செப்பு அண்டாவுலதான். எங்க வீட்ல குடிக்கதுக்கும் அந்தத் தண்ணிதான்."

மீரா முகைதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கெட்டுது போங்க! செம்பு மனுசனுக்கு நல்லது. மீனுக்கு வெசம்லா! பிளாஸ்டிக் வாளில வைங்க. பொறவு ஒண்ணும் சாகாது."

ஆறு உயிரைத் தானே கொன்றிருக்கிறோம் என்ற வேதனையைவிட, காரணம் கிடைத்துவிட்ட நிம்மதிதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்த அண்டா, பிரம்மநாயகி சேரன்மகாதேவியிலிருந்து கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. முழங்கால் உயரம். அதிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, அடுக்களை மூலையில் அப்படியே குப்புறப் போட்டார்.

நாலு நாள் ராசாத்தி துள்ளிக்கொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள் வெயில் தாழ்ந்த நேரம், ஈஸிசேரில் கண்ணயர்ந்தவரை ஒரு சத்தம் எழுப்பியது. வெறும் செம்பில் உலோகம் படும் சத்தம், மூன்று முறை. பல்லியாக இருக்கும். எழுந்து போய்ப் பார்த்தபோது கவிழ்ந்த அண்டாவைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. படித்துறைப் பாசியின் வாடை அடித்தது. அதற்கு உள்ளே, மெலிதாக, ஆறிப்போன சாம்பலின் வாடையும். பிளாஸ்டிக் வாளியைப் பார்த்தார். காலையில் பிடித்த தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படர்ந்திருந்தது.

டவுனுக்கு வரும் தண்ணீர் குறுக்குத்துறைக்குக் கீழே ஆற்று மணலில் இறக்கிய உறைகிணற்றிலிருந்து வருகிறது. அந்த வரைபடத்தைப் போட்டவரே அவர்தான். இப்போது வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு அந்தக் கோட்டை இழுத்தது. படித்துறை. உறைகிணறு. குழாய். அண்டா. அவர் குடித்த தம்ளர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் வீடு முழுக்க ஒரு கனத்த அமைதி. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது. இரை டப்பாவை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனார். மூடிப் பலகை மூடியபடி இருந்தது. மேலே வைத்த கல்லும் அப்படியே இருந்தது.

தொட்டியில் ராசாத்தி இல்லை.

டக். டக். டக்.

அடுக்களையிலிருந்து.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. வாசல் பத்தடி தூரம்தான். ஆனால் எங்கே ஓடுவது, யார் வீட்டுக்கு? கால்கள் அடுக்களைக்குப் போயின.

அண்டா நிமிர்ந்து நின்றது. விளிம்பு தொடத் தண்ணீர்.

ஜன்னலின் கடைசி வெளிச்சத்தில் எண்ணினார். ஏழு. ஆறு மீனின் செவுளிலும் முருங்கையடி மண். ஒன்றின் கண்ணில் ஓர் இலை ஒட்டியிருந்தது. எல்லாம் வட்டமாக, தலை கீழாக, வாலை லேசாக ஆட்டிக்கொண்டு, அடியில் எதையோ பார்த்தபடி. ராசாத்தியும்.

"ஏளா... பிரமு?"

அதுவரை அடியில் கேட்டுக்கொண்டிருந்த தட்டும் சத்தம் நின்றது.

ராசாத்தியை மட்டுமாவது எடுத்துவிட வேண்டும். கையை விட்டார். மணிக்கட்டு. முழங்கை. ஐஸ் போலக் குளிர்ந்தது. முழங்கால் உயர அண்டா. தோள்வரை போயும் கையில் அடி தட்டவில்லை. கன்னம் தண்ணீரைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் துழாவினார்.

கீழேயிருந்து ஒரு விரல், மோதிரம் போட்ட விரல், அவர் உள்ளங்கையில் தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழு மீனும் விலகி வழி விட்டன. ஆவுடைநாயகத்தின் வாய் தானாகத் திறந்தது.