ஏழாவது பெயர்

காலை 9.10. சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் நேற்று காலைவரை ஏழாவதாக இருந்த பெண், இன்று இரண்டாவதாக இருந்தாள். அறுவை மருத்துவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை, யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

10.00. இன்ஸ்பெக்டர் அம்மா வந்து சேர்ந்தார். ஸ்டேஷனில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். அந்த அம்மா அவசரப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. கண் மட்டும் சும்மா இருக்காது.

பதிவறை வாசலில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். ஆஸ்பத்திரியே அவரைப் 'பூட்டு' என்றுதான் கூப்பிடும்.

"கார்டு இல்லாம இந்தக் கதவு திறக்காது மேடம். உள்ள பதினாலு எழுத்துல பாஸ்வேர்டு. அதுக்கு மேல போனுக்கு ஒரு நம்பர் வரும். ரெண்டு நிமிஷம் தொடலைன்னா திரை தானா பூட்டிக்கும். ஈ, எறும்பு நுழைய முடியாது."

"அப்போ மாத்தினது?"

"பதிவு எழுத்தர்தான். நேத்து மத்தியானம் 1.17, அவங்க கம்ப்யூட்டர்லேருந்து. யார் மேலயோ இரக்கப்பட்டிருக்காங்க. அரை மணி நேரமா இயக்குநர் ரூம்ல உட்கார வெச்சிருக்கோம். சாயங்காலத்துக்குள்ள வேலை போயிடும்."

எழுத்தரின் மேஜையில் திரை விழித்தபடியே இருந்தது. பட்டியல் பளிச்சென்று தெரிந்தது.

"அரை மணி நேரமா யாரும் தொடலியே. இது ஏன் பூட்டிக்கல?"

இன்ஸ்பெக்டர் மவுஸைத் தூக்கினார். அடியில் ஒரு கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முள் நகர நகர, ஏதோ கை மவுஸை அசைப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையிலும் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் ஒன்று.

"எழுந்து போயிட்டு வரும்போதெல்லாம் பதினாலு எழுத்து, ஒரு நம்பர். நாளைக்கு நாப்பது தடவை. அவங்களும் மனுஷங்கதானே?"

"இன்னும் ரெண்டு பூட்டு போட்டுடறேன் மேடம்."

"போடுங்க. இன்னும் ரெண்டு வாட்ச் வரும்."

10.35. நேற்று சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதவை ஒரே ஒரு கார்டுதான் திறந்திருந்தது. 1.12க்கு, மருந்தகக்காரர்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமா மேடம். ஒரு சீட்டை வெச்சுட்டு உடனே கிளம்பிட்டேன்."

"யாருக்காவது கதவைப் பிடிச்சீங்களா?"

"தண்ணிக்காரருக்குப் பிடிச்சேன். ரெண்டு கையிலயும் கேன். பிடிக்காம எப்படி?"

தனியாகத்தான் வந்தாராம். தண்ணீர்க்காரரை ஓர் ஆளாகவே அவர் நினைக்கவில்லை!

10.50. எழுத்தர் அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் மாத்தல மேடம்."

"நம்பறேன். ஆனா செய்யாதவங்க முதல்ல கேக்கறது, 'அப்போ யாரு'ன்னுதான். நீங்க ஒரு தடவைகூடக் கேக்கல. தண்ணிக்காரரையா காப்பாத்தறீங்க?"

எழுத்தர் தலை குனிந்தார். "அவர் சம்சாரம்தான் ஏழாவது. தினமும் 'எத்தனாவதும்மா'ன்னு கேப்பார். ஒரு நாள் மனசு கேக்காம திரையைத் திருப்பிக் காட்டினேன். பேரை மேல ஏத்தறது, இறக்கறது எல்லாம் நின்னு பார்த்தார். வாட்சும் அவருக்குத் தெரியும்."

பாவம், இவ்வளவு பெரிய அறையில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியது இவர் ஒருவர்தான். அதற்கு இந்தத் தண்டனை.

11.05. தண்ணீர்க்காரர் மறுக்கவில்லை.

"மாத்தறதுதான் மாத்தினீங்க, முதல் இடத்துக்கே ஏத்தியிருக்கலாமே?"

"முதல்ல இருக்கறது ஒன்பது வயசுக் குழந்தை மேடம். வயசு போட்டிருந்தது. கை வரல."

"நீங்க கீழ தள்ளின அஞ்சு பேருக்கும் வீட்ல யாரோ காத்திருக்காங்க."

"தெரியும் மேடம்."

இன்ஸ்பெக்டருக்கு மனசு கனத்தது. ஆனாலும் வழக்கை எழுதினார். எழுத்தருக்கு எச்சரிக்கை போதும், வேலையில் கை வைக்க வேண்டாம் என்று இயக்குநரிடம் அடித்துச் சொன்னார். எழுத்தர் தன் மேஜைக்குத் திரும்பி, பதினாலு எழுத்தையும் நம்பரையும் தட்டி, அந்தப் பெயரை மறுபடி ஏழாவது இடத்துக்கு இறக்கினார்.

"நேத்து வீட்டுக்குப் போனதும் அவகிட்ட சொல்லிட்டேன் மேடம், ரெண்டாவதுக்கு வந்துட்டோம்னு," என்றார் தண்ணீர்க்காரர். "நாலு மாசத்துல நேத்துதான் நல்லாத் தூங்கினா."

"இப்போ எங்க இருக்காங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கீழ, டயாலிசிஸ் வார்டுல."

எழுத்தர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீங்க இருங்கண்ணே. அண்ணிகிட்ட நான் போய்ச் சொல்றேன்."